கள்ள அடிக்கு எத்தனை ஆட்டம்? என்எஃப்எல் தண்டனையைக் கணிக்க ஒரு கையேடு

அமெரிக்கக் காற்பந்தில் ஒருவர் இன்னொருவரைத் தலையால் முட்டிச் சாய்த்துவிட்டால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் உடனே ஒரு கேள்வி வந்துவிடும்: “இவனுக்கு எத்தனை ஆட்டம் தடை போடுவாங்க?” ஆளுக்கொரு எண் சொல்வார்கள். ஒருவர் வாழ்நாள் தடை என்பார். இன்னொருவர், “சுத்தமான அடிதானே, எதுக்குத் தண்டனை?” என்பார். புதன்கிழமை செய்தி வரும்போது இரண்டு பேர் சொன்னதும் நடந்திருக்காது. அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் தண்டிக்கும் விதத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அது தெரிந்தால் ஏறக்குறைய சரியாகவே கணிக்கலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சிங்கப்பூரில், யீஷூனில் குடியிருக்கும் பேருந்து ஓட்டுநர் நான். இளவயதில் ஃபேரர் பார்க் திடலில் ஞாயிற்றுக்கிழமைக் காற்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக விசில் ஊதியவன். எனக்கு ஓய்வு நாள் திங்கட்கிழமை. அதனால் நம் நேரப்படி திங்கள் அதிகாலை 1 மணிக்குத் தொடங்கும் ஆட்டங்களைப் பார்க்க முடிகிறது. நவம்பரில் அமெரிக்கர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது 2 மணியாகிவிடும். இந்தப் பழக்கத்தை எனக்குப் பிடிக்க வைத்தவன் என் அக்கா மகன். என்னோடு அதிகம் சண்டை போடுபவனும் அவன்தான்.

அடிபட்டவரை அப்புறம் பாருங்கள்

ஒரு மோதல் நடந்ததும் நம் கண் கீழே கிடப்பவரிடம் போகிறது. மனித இயல்பு, தப்பில்லை. ஆனால் தண்டனையைக் கணிக்க வேண்டுமானால் அதுதான் முதலில் விட வேண்டிய பழக்கம். காயம் எவ்வளவு பெரியது என்பதும் அடி எவ்வளவு கெட்டது என்பதும் வேறு வேறு.

1978 ஆகஸ்ட் 12, ஓக்லண்ட். பருவம் தொடங்குமுன் நடந்த பயிற்சி ஆட்டம். நியூ இங்கிலாந்து அணியின் டேரில் ஸ்டிங்லி பந்தைப் பிடிக்க எம்பினார். ஓக்லண்டின் ஜாக் டேட்டம் வந்து மோதினார். ஸ்டிங்லியின் கழுத்தெலும்பு முறிந்து, வாழ்நாள் முழுதும் சக்கர நாற்காலியில் கழிந்தது. அந்த அடிக்கு நடுவர் கொடி (தவறு என்று காட்டத் திடலில் எறியும் துணி) வீசவில்லை. அபராதம் இல்லை, தடை இல்லை. அன்றைய விதிப்படி அது அனுமதிக்கப்பட்ட அடி. இன்னொன்று 2023 ஜனவரி 2: பஃபலோ அணியின் டமார் ஹேம்லின், ஓடி வந்த டீ ஹிக்கின்ஸைப் பிடித்து நிறுத்தினார், எழுந்தார், அப்படியே சரிந்தார். இதயம் நின்றுவிட்டது. திடலிலேயே உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. அதிலும் யார் மேலும் தப்பில்லை.

இதற்கு நேர் எதிராக, ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து போனவரை அடித்தவர் பல வாரம் வெளியே உட்கார்ந்ததும் உண்டு.

காயத்துக்கு வேறொரு வேலை இருக்கிறது. அது அடுத்த ஆண்டு விதியை எழுதும். 2004ல் சட்டைக் கழுத்துப் பட்டியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததில் பலருக்குக் கால் உடைந்தது. 2005ல் அந்தப் பிடி தடை செய்யப்பட்டது. 2008ல் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) டாம் பிரேடியின் முழங்கால் போனது. 2009 முதல் தரையில் கிடக்கும் தற்காப்பு ஆட்டக்காரர் குவார்ட்டர்பேக்கின் காலை நோக்கிப் பாயக்கூடாது. அதே 2008ல் ஹைன்ஸ் வார்ட் பார்க்காத பக்கத்திலிருந்து மோதியதில் கீத் ரிவர்ஸின் தாடை உடைந்தது. அடுத்த ஆண்டே அதற்கும் விதி வந்தது. ஆக, விதிப்புத்தகத்தை எழுதுவது காயம். தண்டனையை எழுதுவது செயல். என் அக்கா மகனோடு நடக்கும் சண்டைகளில் பாதி இந்த ஒரு விஷயத்தில்தான்.

வேகத்தோடு பாருங்கள், அப்புறம்தான் மெதுவாக

மறுஒளிபரப்பை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எல்லா அடியும் திட்டமிட்ட அடியாகவே தெரியும். முகத்தில் ஒரு சுளிப்பு, தோளில் ஒரு திருப்பம், போதும், “பாருங்க மாமா, வேணும்னே இடிக்கிறான்” என்பான் அக்கா மகன். அரை நொடிக்குள் நடந்ததைப் பத்து நொடிக்கு இழுத்தால் அடித்தவருக்கு யோசிக்க நேரம் இருந்ததுபோலத் தோன்றும். அதனால் முதல் தடவை முழு வேகத்தில் பாருங்கள்: இவரால் நிறுத்தியிருக்க முடியுமா, விலகியிருக்க முடியுமா? அப்புறம் மெதுவாக ஓட்டி, எது எங்கே பட்டது என்பதை மட்டும் பாருங்கள். வேகத்தில் பார்ப்பது நியாயத்துக்கு, மெதுவாகப் பார்ப்பது தொடர்பு இடத்துக்கு. நான் விசில் ஊதிய காலத்தில் மறுஒளிபரப்பு ஏது, அதனால் எனக்கு இது கொஞ்சம் எளிதாக வருகிறது.

கேட்க வேண்டியவை மூன்று.

அடிபட்டவர் தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தாரா? விதியில் இதற்கென்று ஒரு பட்டியலே இருக்கிறது: பந்தை வீசிக்கொண்டிருக்கும் குவார்ட்டர்பேக், பந்தைப் பிடித்து இன்னும் தன்னைச் சுதாரித்துக்கொள்ளாத ரிசீவர், உயரே வரும் உதைபந்துக்காக அண்ணாந்து நிற்பவர், ஓட்டத்தை நிறுத்திக்கொள்ளச் சறுக்கி உட்காருபவர். இவர்களின் தலையிலோ கழுத்திலோ பலமாக மோதக்கூடாது. “அவன்தானே குனிஞ்சான், அதான் தலையில பட்டுது” என்ற வாதம் இங்கே செல்லாது. குனிந்தாலும் பொறுப்பு அடிப்பவருடையது என்று விதியே சொல்லிவிடுகிறது.

எதைக் கொண்டு அடித்தார்? 2018 முதல், தலையைத் தாழ்த்தி ஹெல்மெட்டால் பலமாக முட்டினால் அது தவறு. பந்து வைத்திருப்பவர் முட்டினாலும் தவறுதான். 2024ல் இன்னொன்று சேர்ந்தது. ஓடுபவரைப் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ கட்டிப்பிடித்து, தன் இடுப்பைத் திருப்பி, உடல் எடை முழுவதையும் அவர் கால்மேல் போட்டு விழுவது. ஓடுபவரின் கணுக்கால் அடியில் மாட்டி மடங்கிவிடும். திடலில் ஓடிக்கொண்டிருக்கும் நடுவருக்கு இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். எனவே கொடி விழவில்லை என்றால் தப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வாரநாளில் அபராதக் கடிதம் வரலாம்.

எப்போது அடித்தார்? விசிலுக்கு முன்பா பின்பா. பந்து கையை விட்டுப் போன பிறகு எத்தனை எட்டு வைத்தார். குவார்ட்டர்பேக்கை நோக்கி ஓடி வருபவருக்குப் பந்து போனபின் ஓர் எட்டு வரை மன்னிப்பு உண்டு. அதற்கு மேல் போனால் நிறுத்த முயன்றிருக்க வேண்டும்.

‘வேண்டுமென்றே செய்தாரா’ என்ற கேள்வி இந்த மூன்றில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கொடி வீசுவதற்கு நோக்கம் தேவையில்லை. நோக்கம் பின்னால், தடையைப் பற்றிப் பேசும்போது வரும்.

திடலில் கிடைக்கும் தண்டனை

கொடி விழுந்தால் தவறு செய்த அணிக்கு 15 யார்டு இழப்பு. தற்காப்பு அணி செய்திருந்தால் எதிரணிக்கு முதல் டவுனும் (பந்தை முன்னேற்றப் புதிதாக நான்கு வாய்ப்பு) சேர்த்து. இது சின்னதாகத் தெரியலாம். 2016 ஜனவரி 9 அன்று சின்சினாட்டி ரசிகர்களைக் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பார்கள். பிட்ஸ்பர்க்குக்கு எதிரான வெளியேற்றுச் சுற்று ஆட்டம், ஒரு புள்ளி முன்னிலை, கடைசி நொடிகள். சின்சினாட்டியின் தற்காப்பு ஆட்டக்காரர் வான்டேஸ் பர்ஃபிக்ட், எட்டாத பந்துக்குப் போன ஆன்டோனியோ பிரவுனின் தலையில் மோதினார். 15 யார்டு. அந்தக் கலவரத்தில் அவர் அணியின் ஆடம் ஜோன்ஸ் நடுவரிடம் எகிறினார். மேலும் 15. உதைத்துப் புள்ளி எடுக்க முடியாத தூரத்தில் நின்ற பிட்ஸ்பர்க், 30 யார்டு சும்மா நடந்து வந்து, 35 யார்டிலிருந்து உதைத்து 18–16 என்று வென்றுவிட்டது. பல ஆண்டு காத்திருந்த வெற்றி ஒரு கள்ள அடியில் போயிற்று. பர்ஃபிக்ட்டின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

வெளியேற்றம் பற்றி நம்மவர்களுக்குக் குழப்பம் உண்டு, காரணம் நாம் பிரீமியர் லீக் பார்த்து வளர்ந்தவர்கள். அங்கே சிவப்பு அட்டை என்றால் அணி பத்துப் பேரோடு தவிக்கும். இங்கே ஒருவர் வெளியேறினால் மாற்று ஆள் வந்துவிடுவார், பதினொருவர் பதினொருவர்தான். அணிக்கு நட்டம் அவருடைய திறமை மட்டுமே. எனக்கு இது இன்றுவரை ஒப்பவில்லை. 53 பேர் பட்டியலில் ஒரு சாதாரண ஆட்டக்காரரை விட்டு எதிரணி நட்சத்திரத்தைச் சாய்த்துவிட்டால் கணக்கு அடித்த அணிக்குத்தானே லாபம்? அதனால்தான் வாரநாள் தண்டனை அங்கே இவ்வளவு பெரிய விஷயமாகிறது.

வெளியேற்றத்துக்கு இரண்டு வழி. அப்பட்டமான கொடுஞ்செயல் என்றால் உடனே. இல்லையென்றால், ஒரே ஆட்டத்தில் இரண்டு ‘விளையாட்டு நெறிக்குப் புறம்பான நடத்தை’ கொடி வாங்கினால் தானாகவே; இது 2016ல் வந்த விதி. கேலி செய்வது, முறைத்து நிற்பது, கை ஓங்குவது போன்றவை இந்த வகை. உடல் மோதலுக்கான கொடி இரண்டு வாங்கினாலும் தானாக வெளியேற்றம் கிடையாது. முட்டியவன் ஆடிக்கொண்டிருக்க, வாயாடியவன் வெளியே போவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். 2018 முதல், கொடி விழுந்த சம்பவத்தை நியூயார்க்கில் லீக் அலுவலகத்தில் திரையில் பார்ப்பவர்களும் வெளியேற்றச் சொல்லி உத்தரவிடலாம்.

வாரநாளில் வரும் கடிதம்

ஆட்டம் முடிந்ததும் லீக் அலுவலகம் ஒவ்வொரு நகர்வையும் மறுபடி பார்க்கிறது. அபராதம் என்றால் ஆட்டக்காரருக்கு வாரத்துக்குள் கடிதம் போகும். பட்டியல் அமெரிக்காவில் சனிக்கிழமை வெளியாகும், நமக்கு அது ஞாயிறு. தடை என்றால் அவ்வளவு காத்திருக்க மாட்டார்கள், பெரும்பாலும் திங்கள் அல்லது செவ்வாயே சொல்லிவிடுவார்கள்.

பல ஆண்டுகளாக இந்தக் கடிதங்களில் கையெழுத்துப் போட்டவர் ஜான் ரன்யன், பிலடெல்ஃபியா அணியின் பழைய லைன் ஆட்டக்காரர், ஒரு காலத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அவர் மகனும் என்எஃப்எல் ஆட்டக்காரர். மகனுக்கு வந்த அபராதக் கடிதத்தில் அப்பாவின் கையெழுத்து! மகனே அதை ஊருக்குக் காட்டிச் சிரித்தார். நம் வீடுகளில் என்றால் தீபாவளி வரைக்கும் பேச்சு இருந்திருக்காது.

அபராதத் தொகை ஒவ்வொரு குற்றத்துக்கும் ஆட்டக்காரர் சங்கத்தோடு பேசி முடிவான அட்டவணையில் இருக்கிறது. இரண்டாம் தடவை என்றால் கூடும். முதல் தவறுக்கான தொகை தன் வாரச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் போகிறது என்று காட்டினால் குறைத்துக் கேட்கலாம். இரண்டாம் தவறுக்குப் பாதி. வசூலாகும் பணம் லீக்கின் பைக்குப் போகாமல், பழைய ஆட்டக்காரர்களுக்கு உதவும் அறக்கட்டளைகளுக்குப் போகிறது.

அபராதம் வேலை செய்கிறதா? என் அனுபவமும் என்எஃப்எல் வரலாறும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன. 2010 அக்டோபரில் ஒரே ஞாயிற்றுக்கிழமை வரிசையாகத் தலை மோதல்கள். பிட்ஸ்பர்க்கின் ஜேம்ஸ் ஹாரிசனுக்கு 75,000 டாலர் அபராதம். பிராண்டன் மெரிவெதர், டண்டா ராபின்சன் இருவருக்கும் தலா 50,000. ஹாரிசன் கோபத்தில் ஓய்வு பெறப் போவதாகக்கூடச் சொன்னார். அப்புறம்? மேலும் அபராதங்கள் வாங்கினார். 2011 டிசம்பரில் கோல்ட் மெக்காயின் முகத்தில் ஹெல்மெட்டால் மோதினார். அப்போதுதான் லீக் காசை விட்டுவிட்டு ஓர் ஆட்டம் உட்கார வைத்தது. மீண்டும் ஒருமுறை தடை விதிக்கும் அளவுக்கு அவர் போகவில்லை.

ஃபேரர் பார்க்கில் நாங்களும் இதைப் பார்த்தோம். எங்கள் ஞாயிறு லீக்கில் முரட்டு ஆட்டத்துக்கு 20 வெள்ளி அபராதம் வைத்திருந்தார்கள். ஓர் அணியின் முதலாளி, அவருக்கு ஒரு கடை இருந்தது, பருவத் தொடக்கத்திலேயே அதற்கென்று பணத்தை ஒதுக்கிவைத்துவிட்டார். அவர் தற்காப்பு ஆட்டக்காரர் எதிரணி முன்வரிசையின் கணுக்காலைத் தட்டுவார், முதலாளி சிரித்துக்கொண்டே 20 வெள்ளியை நீட்டுவார். அபராதம் நுழைவுக் கட்டணம் ஆகிவிட்டது.

தடையின் அளவைக் கணிப்பது

இங்கேதான் உங்கள் எண் தேவைப்படுகிறது. இரண்டே விஷயம்: அது ஆட்டத்தோடு சேர்ந்த செயலா, ஆளின் பழைய கணக்கு என்ன.

பந்தைத் துரத்தும்போது எல்லை மீறியது ஒருவகை. பந்துக்கும் அந்தச் செயலுக்கும் சம்பந்தமே இல்லாதது இன்னொரு வகை, அதற்குத் தயவு கிடையாது. 1986 நவம்பரில் கிரீன் பே அணியின் சார்ல்ஸ் மார்ட்டின், பந்து போய்ச் சிறிது நேரம் கழித்துச் சிகாகோ குவார்ட்டர்பேக் ஜிம் மெக்மேனைத் தூக்கித் தரையில் அறைந்தார். இடுப்பில் செருகியிருந்த துண்டில் எதிரணி ஆட்டக்காரர்களின் எண்கள் எழுதியிருந்தன. யாரை அடிப்பது என்ற பட்டியல். அவருக்கு இரண்டு ஆட்டத் தடை. அன்று அது பெரிய தண்டனை. 2006 அக்டோபர் 1ல் டென்னஸியின் ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த், ஹெல்மெட் கழன்று கீழே கிடந்த ஆண்ட்ரே குரோடின் முகத்தை ஆணிக் காலணியால் மிதித்தார். 30 தையல். ரோஜர் குடெல் லீக்கின் ஆணையராகப் பதவியேற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஐந்து ஆட்டம் போட்டார். அதுவரை திடலில் நடந்த செயலுக்கு இரண்டு ஆட்டத்துக்கு மேல் யாரும் வாங்கியதில்லை. ஹேன்ஸ்வொர்த் மேல்முறையீடே செய்யவில்லை. 2019 நவம்பர் 14ல் கிளீவ்லண்டின் மைல்ஸ் காரட், பிட்ஸ்பர்க் குவார்ட்டர்பேக் மேசன் ருடால்ஃபின் ஹெல்மெட்டைப் பிடுங்கி அதாலேயே அவர் தலையில் அடித்தார். காலவரையற்ற தடை, பருவத்தில் மீதமிருந்த ஆறு ஆட்டமும் போயிற்று. உதைக்கவும் குத்தவும் வந்த மார்கீஸ் பவுன்ஸிக்கு முதலில் மூன்று, மேல்முறையீட்டில் இரண்டு. இரண்டு அணிகளுக்கும் தலா 2,50,000 டாலர் அபராதம்.

ஆக, மிதிப்பது, குத்துவது, கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பது என்றால் பழைய கணக்கு சுத்தமாக இருந்தாலும் தடை நிச்சயம்.

சாதாரண மோதலில் பழைய கணக்குதான் எல்லாம். வண்டி ஓட்டுபவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் போக்குவரத்துக் காவல்துறையின் குற்றப் புள்ளி முறை மாதிரியேதான்: 24 மாதத்தில் 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் முடங்கும், கடைசிப் புள்ளிகள் ஒரு சின்னத் தவறுக்கு வந்திருந்தாலும் சரி. பர்ஃபிக்ட்டைப் பாருங்கள். அந்த 2016 அடிக்கு மூன்று ஆட்டம். 2017ல் இன்னொரு அடிக்கு ஐந்து, மேல்முறையீட்டில் மூன்று. 2019 செப்டம்பர் 29ல், அப்போது ஓக்லண்ட் அணி, ஜாக் டாயிலின் தலையில் ஹெல்மெட்டால் மோதினார். டாயில் எழுந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஆனாலும் பருவம் முழுவதற்கும் தடை, 12 ஆட்டம். திடலில் நடந்த ஒரு செயலுக்கு அதுவரை யாரும் வாங்காத தண்டனை. அதே அடியைப் புது ஆள் ஒருவர் அடித்திருந்தால் அபராதத்தோடு போயிருக்கும்.

டென்வரின் கரீம் ஜாக்சன் இன்னும் தெளிவான உதாரணம். 2023 பருவத்தில் ஏழு வாரத்துக்குள் இரண்டு வெளியேற்றம், பல அபராதம். நான்கு ஆட்டத் தடை, மேல்முறையீட்டில் இரண்டாகக் குறைந்தது. திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே மினசோட்டாவின் ஜோஷ்வா டாப்ஸைத் தலையால் முட்டினார். அந்த நகர்வுக்கு நடுவர்கள் கொடி வீசவே இல்லை. லீக் மறுநாள் மறுபடி நான்கு ஆட்டம் போட்டது. கொடி இல்லாமல் தடை வரலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

என் கணக்கு முறை இதுதான். ஆட்டத்தோடு சேர்ந்த மோதல், பழைய கணக்கு இல்லை: அபராதம் மட்டும். பழைய அபராதங்கள் உண்டு: ஒன்றிலிருந்து மூன்று ஆட்டம். ஏற்கெனவே தடை வாங்கியவர்: அந்த எண்ணுக்கு மேல். ஆட்டத்தோடு சேராத வன்முறை: இரண்டில் தொடங்கிப் பருவம் முழுவதும் வரை. சறுக்கி உட்கார்ந்த குவார்ட்டர்பேக்கின் தலை என்றால் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் 1ல் ஹூஸ்டனின் அஸீஸ் அல்-ஷயர், சறுக்கிவிட்ட ட்ரெவர் லாரன்ஸின் தலையில் முன்கையால் மோதினார், அதைத் தொடர்ந்து கைகலப்பு. மூன்று ஆட்டம்.

மேல்முறையீட்டுக்கு இடம் விடுங்கள்

முதலில் வரும் எண் கடைசி எண் அல்ல. திடல் நடத்தைக்கான மேல்முறையீட்டை லீக் ஆணையர் கேட்பதில்லை. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து நியமிக்கும் பழைய ஆட்டக்காரர்களும் பயிற்றுவிப்பாளர்களும் கேட்கிறார்கள். டெரிக் புரூக்ஸ், ஜேம்ஸ் த்ராஷ், டெட் காட்ரெல் போன்றவர்கள் இந்தப் பொறுப்பில் இருந்திருக்கிறார்கள். தடை என்றால் அடுத்த ஆட்டத்துக்கு முன்பே முடிவு வந்துவிடும்.

டெட்ராய்ட்டின் என்டமுகன் சூ இந்த வழியை நன்றாகப் பயன்படுத்தியவர். 2011ல் எதிராளியை மிதித்து இரண்டு ஆட்டம் உட்கார்ந்தவர், 2013ல் ஓர் அடிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டியவர், 2014 டிசம்பர் கடைசியில் ஏரன் ராட்ஜர்ஸின் காலை மிதித்தார். ஒரு ஆட்டத் தடை, அதுவும் வெளியேற்றுச் சுற்று ஆட்டம். குளிரில் கால் மரத்துப்போய், எதை மிதிக்கிறோம் என்றே தெரியவில்லை என்பது அவர் தரப்பு. காட்ரெல் தடையை நீக்கி 70,000 டாலர் அபராதமாக மாற்றினார். என் அக்கா மகன் இன்றும் இதை வைத்து என்னைச் சீண்டுவான். “மாமா, பஸ்ஸுல பிரேக் போடல, கால் மரத்துப்போச்சுன்னு சொன்னா விடுவாங்களா?”

குறைப்பு பெரும்பாலும் நடப்பது எண் பெரிதாக இருக்கும்போது. நான்கு இரண்டானதும் ஐந்து மூன்றானதும் அப்படித்தான். ஆனால் பர்ஃபிக்ட்டின் 12 அப்படியே நின்றது, அல்-ஷயரின் மூன்றும் நின்றது. காணொளியில் செயல் ஐயமின்றித் தெரிந்தால் எண் அசையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கச் சொன்னவர் வேறு என்றால்

இது தனிக்கதை. நியூ ஓர்லியன்ஸ் அணியில் 2009 முதல் 2011 வரை தற்காப்புப் பிரிவில் ஒரு கூட்டுநிதி ஓடியது: எதிரணி ஆட்டக்காரரைத் தூக்கிக்கொண்டு போக வைத்தால் 1,000 டாலர், ஆட்டத்திலிருந்தே நீக்கினால் 1,500 டாலர் என்றது லீக் விசாரணை. 2012ல் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஷான் பேட்டனுக்கு ஒரு பருவம் முழுவதும் தடை, பொது மேலாளர் மிக்கி லூமிஸுக்கு எட்டு ஆட்டம், திட்டத்தை நடத்திய கிரெக் வில்லியம்ஸுக்குக் காலவரையற்ற தடை. அணிக்கு 5 லட்சம் டாலர் அபராதம், இரண்டு ஆண்டு புது ஆட்டக்காரர் தேர்வில் இரண்டாம் சுற்று வாய்ப்பும் பறிபோனது. நான்கு ஆட்டக்காரர்களுக்கும் தடை போட்டார்கள். அவற்றை முன்னாள் ஆணையர் பால் டாக்லியபு அந்த ஆண்டு டிசம்பரில் நீக்கிவிட்டார். நடந்தது தவறுதான், ஆனால் சொன்னவர்கள் பயிற்றுவிப்பாளர்கள் என்பது அவர் பார்வை.

எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு. சம்பளம் கொடுப்பவர் சொல்லும்போது மறுக்க 22 வயதுப் பையனுக்குத் துணிவு எங்கிருந்து வரும்? எனவே ஒரே அணியில் பலர் ஒரே மாதிரி அடித்தால் ஆட்டக்காரர்களுக்கு எண் போடுவதோடு நிற்காமல் பயிற்றுவிப்பாளர் பக்கமும் பாருங்கள்.

நம் திடலுக்குக் கொண்டுவர

வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்குகளுக்கு நடுவே தெருக் காற்பந்து லீக் நடத்தும் தம்பிமார் சிலர் என்னிடம் ஒழுங்கு விதி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நான் எழுதிக் கொடுத்தது அரைப் பக்கம்தான். காசு வேண்டாம், ஆட்டம் மட்டும். எந்தச் செயலுக்கு எத்தனை ஆட்டம் என்று பருவம் தொடங்குமுன் எல்லா அணித் தலைவரும் கையெழுத்திட வேண்டும். காயத்தைப் பற்றி ஒரு வரியும் அதில் கிடையாது. முடிவு அடுத்த ஆட்டத்துக்கு முன் வர வேண்டும். மேல்முறையீட்டை முதல் முடிவு எடுத்தவர் கேட்கக் கூடாது, இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒரு பழைய ஆட்டக்காரர் கேட்கட்டும். ஒரே அணியில் மூன்றாம் ஆள் தடை வாங்கினால் பயிற்றுவிப்பாளரும் ஓர் ஆட்டம் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். இந்தக் கடைசி வரிக்குத்தான் நிறைய எதிர்ப்பு வந்தது. விட்டுக்கொடுக்கவில்லை.

குழுவில் கணிப்புப் போட்டி வைப்பவர்களுக்கு: எண்ணையும் காரணத்தையும் செவ்வாய்க்கிழமை காலைக்குள் எழுதிவிடுங்கள், லீக்கின் அறிவிப்பு பெரும்பாலும் செவ்வாய் அல்லது புதன் நம் கைக்கு வந்துவிடும். மேல்முறையீட்டுக்குப் பின் நிற்கும் எண்ணையும் தனியாகக் குறியுங்கள். எங்கள் குழுவில் இரண்டும் சரியாகச் சொல்பவருக்கு மற்றவர்கள் செலவில் தே தாரிக்கும் புரோட்டாவும். இந்தப் பருவத்தில் அக்கா மகன்தான் அதிகம் சாப்பிட்டிருக்கிறான்.